உயிர் காக்கும் வண்டி யார் ஆணையில் ஓடுகிறது?

(மண்கும்பானில் நிகழ்ந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு வண்டியைப் பற்றியது. ஆபத்து வேளையில் நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டி அது. அம்புலன்ஸ் என்று சொன்னால் சிறு குழந்தைக்கும் விளங்கும். அரசியற் கூட்டத்திலே இதனைப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நள்ளிரவில் ஒரு தாய்க்குப் பிரசவ வேதனை கண்டால், தோட்டத்திலே தண்ணீர் கட்டும் ஒருவரைக் கண்ணாடிப் புடையன் தீண்டினால், கடலுக்குச் சென்ற ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வள்ளத்திலே சாய்ந்தால், யாருடைய சொல்லின்மேல் வண்டி புறப்படுகிறது? எங்கே அது நிற்க வேண்டுமென்று தீர்மானித்தவர் யார்? அது வராது போனால் நாம் யாரிடம் சென்று நியாயம் கேட்பது? இக்கேள்விகளுக்கு விடை சொல்வதற்குத்தான் ஆட்சியதிகாரம் என்று பெயர். ஆகவே, இதனினும் பெரிய அரசியல் வேறொன்றிருப்பதாக நாம் கருதவில்லை.

ஒரு நோயாளி, பல எசமானர்கள்

நெடுந்தீவில் ஒருவருக்கு இரவு பத்து மணிக்கு உயிராபத்து நேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலிற் சேர்வது அங்குள்ள பிரதேச வைத்தியசாலை. அது மாகாண நிர்வாகத்துக்கு உட்பட்டது. அங்கே இயன்றதைச் செய்துவிட்டு, யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப வேண்டுமென்று வைத்தியர் சொல்கிறார். இடையிலே கடல் கிடக்கிறது. குறிகட்டுவானுக்கு வந்து சேர ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடற்பயணம். பகலிலே மக்களை ஏற்றிவரும் குமுதினிப் படகு வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பிலுள்ளது. 2017 ஆம் ஆண்டில் வந்த நெடுந்தாரகை பிரதேச சபையிடம் கையளிக்கப்பட்டது. இரவிலே ஆபத்தென்றால் கடற்படைப் படகை நாடவேண்டிய நிலை பலமுறை ஏற்பட்டிருக்கிறது. குறிகட்டுவானில் கரையேறினால் புங்குடுதீவு, வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி, பண்ணைத் தாம்போதி என்று நெடிய தரைவழி. அவ்வழியில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து வண்டி வந்தால், அது மத்திய அரசாங்கத்தின் கீழுள்ள மன்றத்தின் வண்டி. முடிவிலே சென்று சேர்வது யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. அதுவும் மத்திய அமைச்சின் கீழுள்ளது.

ஒரே நோயாளி, ஒரே இரவு. ஆயினும் அவர் கைமாறும் எசமானர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவரும் தத்தம் எல்லைக்குள்ளே கடமையைச் செவ்வனே செய்தாலும், எல்லையும் எல்லையும் சந்திக்கும் இடத்திலேதான் நேரம் கழிகிறது; அந்த நேரத்திலேதான் உயிரும் கழிகிறது. நோயாளி வீட்டைவிட்டு வெளிப்பட்ட கணந்தொட்டு வைத்தியசாலைப் படுக்கையிற் கிடத்தப்படும் கணம் வரை முழுப் பயணத்துக்கும் பொறுப்பானவர் இவரே என்று சுட்டிக்காட்ட ஓர் அதிகாரி இல்லை. நமது முறைப்பாடு எந்தத் தனி மனிதர்மீதும் அன்று. வைத்தியரும், படகோட்டியும், வண்டிச் சாரதியும், ஏன், இரவிற் படகை எடுக்கும் கடற்படை வீரரும் நன்றிக்குரியவர்களே. ஆனால் நன்றி சொல்லிப் பெறுவது தயவு; சட்டம் காட்டிப் பெறுவது உரிமை. தீவக மக்களின் உயிர் தயவிலே தொங்குவதை நாம் ஏற்க முடியாது.

1990 சேவையின் நன்மை

நேர்மையாகப் பேசுவோம். 1990 சுவசெரிய சேவை நாட்டுக்கு வந்த நன்மைகளுள் ஒன்று. இந்திய அரசாங்கத்தின் நன்கொடையாக 88 வண்டிகளுடன் 2016 ஆம் ஆண்டு யூலை மாதம் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் அது தொடங்கியது. ஈராண்டு கழித்து, 2018 யூலை 21 ஆம் நாள், வட மாகாணத்துக்கான சேவை யாழ்ப்பாணத்திலே தொடக்கிவைக்கப்பட்டது. மேலும் 209 வண்டிகள் இந்தியா தந்ததனால் மொத்தம் 297 ஆயிற்று. அவ்வாண்டே 18 ஆம் இலக்கச் சட்டத்தினால் 1990 சுவசெரிய மன்றம் நிறுவப்பட்டது. சேவை இலவசம். பயிற்சி பெற்றவர் வண்டியிலே வருகிறார். அதற்கு முன்னர் நோயாளர் காவுவண்டி என்பது பெரும்பாலும் ஒரு வைத்தியசாலையிலிருந்து இன்னொரு வைத்தியசாலைக்கு நோயாளியை மாற்றும் வண்டியாகவே இருந்தது. வீட்டு வாசலுக்கு வண்டி வரவேண்டுமென்ற எண்ணத்தை நாடெங்கும் வேரூன்றச் செய்தது 1990 தான்.

ஆனால், அந்த 297 வண்டிகளும் தரையிலே ஓடுவன. கடலைச் சக்கரத்தாற் கடக்க இயலாது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகிய நான்கு தீவுகளின் மக்களுக்கு வண்டி வந்து நிற்கும் இடம் கரை. அவர்கள் இருக்கும் இடமோ கடலுக்கப்பால். கொழும்பிலே அமர்ந்து நாடு முழுவதற்கும் ஒரு திட்டம் வகுக்கும்போது இக்கடல் வரைபடத்திலே ஒரு விரற்கடை அகலம். நமக்கு அது ஓர் உயிரின் அகலம்.

அழைப்பை ஏற்கும் நிலையமும் கொழும்புப் பகுதியிலே இருக்கிறது. தமிழிலே மறுமொழி கிடைக்கிறதென்பது உண்மை, அதனைப் பாராட்டுகிறோம். எனினும் மொழி தெரிவது வேறு, இடம் தெரிவது வேறு. நமது ஊர்களிலே வீதிப் பெயரும் வீட்டிலக்கமும் சொல்லி வழி காட்டுவார் உண்டோ? கோயிலடி, பள்ளிக்கூடத்தடி, சங்கக்கடையடி, இன்ன வட்டாரம் என்றல்லவா சொல்கிறோம்! சாட்டிக் கடற்கரைக்கு எந்த ஒழுங்கையால் வண்டி திரும்ப வேண்டும், மாரி காலத்தில் எந்தப் பாதை வெள்ளத்தில் மூழ்கும், எந்த இறங்குதுறையில் வற்றுக் காலத்தில் வள்ளம் அணையாது என்பவற்றை அறிந்தவர் இங்கேயே இருக்கிறார். துலா மிதிப்பவன் கிணற்றடியிலே நிற்க வேண்டும். தோட்டத்து வாய்க்காலிலே நீர் எவ்வளவு ஓடுகிறதென்று பார்த்து மிதிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான கல் தூரத்திலிருந்து துலா மிதிக்க முடியுமா?

சட்டம் சொல்வது யாது?

சட்டத்தைப் பார்ப்போம். 1987 இல் நிறைவேறிய பதின்மூன்றாவது திருத்தத்தின் ஒன்பதாம் அட்டவணையிலே மாகாண சபைப் பட்டியல் உண்டு. போதனா வைத்தியசாலைகளும் விசேட நோக்கத்துக்கான வைத்தியசாலைகளும் நீங்கலாக, பொது வைத்தியசாலைகள், கிராமிய வைத்தியசாலைகள், மகப்பேற்று இல்லங்கள், மருந்தகங்கள் ஆகியவற்றை நிறுவுவதும் பேணுவதும் மாகாணத்துக்குரியன. பொதுச் சுகாதார சேவையும், மாகாணத்தின் சுகாதாரத் திட்டத்தை வகுப்பதும் அவ்வாறே. வீட்டிலிருந்து அவ்வைத்தியசாலைக்கு நோயாளியைக் கொண்டுசேர்க்கும் வேலை, வைத்தியசாலை வேலையின் முதற்பாகமன்றி வேறென்ன?

ஆனால் அதே அட்டவணையின் ஒதுக்கிய பட்டியலிலே, எல்லா விடயங்கள் மீதுமான தேசியக் கொள்கை மத்திய அரசாங்கத்துக்கு உரியது என்று முதலிலேயே எழுதிவைத்தார்கள். முன்வாயிலாற் கொடுத்ததைப் பின்வாயிலால் எடுத்துச்செல்லும் வழி இதுவே. கொள்கை வகுப்பது ஒன்று. எந்தச் சந்தியிலே எந்த வண்டி நிற்க வேண்டுமென்று கட்டளையிடுவது இன்னொன்று. இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் மாகாணப் பட்டியல் வெறுங் காகிதமாகும்.

மாகாணப் பட்டியலிலுள்ள விடயத்தைத் தொடும் சட்டமூலத்தை எல்லா மாகாண சபைகளின் கருத்துக்கும் அனுப்ப வேண்டுமென்பது அரசியலமைப்பின் 154எ உறுப்புரையின் மூன்றாம் பந்தி. 2012 இல் திவிநெகும சட்டமூலத்தை ஆராய்ந்த உயர் நீதிமன்றம் இவ்விதியை வலியுறுத்தியதை நாடறியும். அப்போது வடக்கிலே தேர்ந்தெடுக்கப்பட்ட சபை இருக்கவில்லை. 2013 செப்ரெம்பரிலே தேர்தல் நடந்து சபை வந்தது. 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிவுற்றது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. சனாதிபதி நியமித்த ஆளுநரே மாகாணத்தை நிர்வகித்தார். கேட்க வேண்டிய சபைக்கு வாயே இல்லையென்றால், கருத்துக் கேட்கும் விதியினாற் பயன் யாது?

இக்கோரிக்கை புதிதுமன்று. 1957 யூலை 26 ஆம் நாள் கையெழுத்தான பண்டாரநாயக்கா – செல்வநாயகம் ஒப்பந்தத்திலே, பிரதேச சபைகளுக்கு உரியனவாக எண்ணப்பட்ட விடயங்களுள் சுகாதாரமும் ஒன்று, வீதியும் ஒன்று, மீன்பிடியும் ஒன்று. நோயாளி, பாதை, படகு ஆகிய மூன்றும் ஒரே கையில் இருந்திருக்கும்! 1958 ஏப்பிரலில் அவ்வொப்பந்தம் கைவிடப்பட்டபோது, அது மேடை அரசியலின் தோல்வியென்றே பலர் எண்ணினர். நெடுந்தீவுக் கரையிலே வள்ளத்துக்குக் காத்துக்கிடந்த நோயாளியும் அன்றைக்குத் தோற்றார் என்பதை எத்தனை பேர் நினைத்தனர்?

இந்தியாவிலிருந்து எதைக் கொண்டுவந்தோம்?

1990 சேவையின் மூலத்தை நோக்குங்கள். 2005 ஆம் ஆண்டு ஐதராபாத்திலே தொடங்கிய 108 சேவையே அதற்கு மாதிரி. தமிழ்நாட்டுக்கு அது 2008 செப்ரெம்பரில் வந்தது. இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையிலே பொதுச் சுகாதாரமும் வைத்தியசாலைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளன. ஆகவே, புதுதில்லி பணத்தில் ஒரு பங்கு தந்தாலும், சேவையை நடத்துவிப்பது மாநில அரசாங்கம். தமிழ்நாட்டு 108 க்குச் சென்னையிலேயே கட்டுப்பாட்டு நிலையம். குறை நேர்ந்தால் சட்டமன்றத்திலே அமைச்சர் எழுந்து விடை சொல்ல வேண்டும்.

கேரளத்தைப் பாருங்கள். 2017 இல் ஒக்கிப் புயலிலே மீனவர் பலரைப் பறிகொடுத்த அம்மாநிலம், கடலுக்கென்றே நோயாளர் காவுகலங்கள் வேண்டுமென்று முடிவு செய்தது. கொச்சிக் கப்பற் கட்டுந்தளத்திலே அவை கட்டப்பட்டன. மூன்றனுள் முதலாவதான பிரதீக்ஷா 2020 இல் சேவைக்கு வந்தது. அதனைச் செய்தது மாநில அரசின் மீன்பிடித் துறை. கடலோர மக்களுக்கு விடை சொல்லவேண்டிய அரசாங்கத்தின் கண்ணிலே கடல் தெரிந்தது.

இந்தியாவிலிருந்து வண்டியைக் கொண்டுவந்தார்கள். பயிற்சி முறையைக் கொண்டுவந்தார்கள். தொலைபேசி முறையைக் கொண்டுவந்தார்கள். அந்த வண்டிக்கு அங்கே ஆணையிடுவது மாநிலம் என்ற ஒன்றைமட்டும் கப்பலேற்ற மறந்துவிட்டார்கள்!

மறுதரப்பின் நியாயம்

மறுதரப்பார் சொல்வதையும் நாம் செவிசாய்த்துக் கேட்க வேண்டும். முதலாவதாக, ஊருக்கொரு சேவை என்றால் தரம் ஊருக்கு ஊர் வேறுபடும் என்பார்கள். இதிலே உண்மையுண்டு. இங்கிலாந்திலே 1948 முதல் கவுன்றி சபைகளும் நகர சபைகளும் நோயாளர் காவுவண்டிகளை நடத்தின. சில இடங்களிலே சேவை சிறப்பாயிருந்தது. சில இடங்களிலே தாழ்ந்திருந்தது. 1966 இல் மில்லர் குழு பயிற்சிக்குப் பொதுவான தரம் வேண்டுமென்று பரிந்துரைத்தது. 1974 இல் சேவை முழுவதும் தேசிய சுகாதார சேவையிடம் சென்றது. ஆகவே தரமும் பயிற்சியும் ஒன்றாயிருக்க வேண்டுமென்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அதே பிரித்தானியாவிலே ஸ்கொத்லாந்துக்குத் தனி நோயாளர் காவுச் சேவை உண்டு. இன்று அது எடின்பரோவிலுள்ள ஸ்கொத்லாந்து அரசாங்கத்துக்கே பொறுப்புடையது. 1933 ஆம் ஆண்டிலேயே ஐலா தீவிலிருந்து ஒரு மீனவரை ஆகாய விமானத்தில் ஏற்றிக் கிளாஸ்கோவுக்குக் கொண்டுசென்று உயிர்காத்த வரலாறு அவர்களுடையது. தீவுகள் உள்ள நாட்டினர் தீவுகளுக்கு ஏற்ற முறையைத் தாமே வகுத்தனர்.

இரண்டாவதாக, உள்ளூர்ச் சபைகளுக்குப் பணமில்லை என்பார்கள். ஆம், இல்லை. ஒரு சிறு பிரதேச சபையிடம் படகொன்றைக் கொடுத்து, மாலையிட்டுப் படம் பிடித்துவிட்டு, எரிபொருளுக்கும் பழுதுபார்ப்புக்கும் ஆண்டுதோறும் பணம் எங்கிருந்து வருமென்று சொல்லாமற் போவது அதிகாரப் பகிர்வாகாது. அது கடன் பகிர்வு. அதிகாரத்தோடு நிதியும் வரவேண்டுமென்பதற்கு இது காரணமே தவிர, அதிகாரம் வேண்டாமென்பதற்குக் காரணமாகாது. பணக்குறை மத்திய சேவையையும் விட்டுவைக்கவில்லை. 2022 ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்திலே நாடெங்கும் உயிர்காக்கும் வண்டிகளும் எரிபொருளுக்குத் தவித்ததை மறந்துவிட்டோமா?

மூன்றாவதாக, அவர்கள் வாய்விட்டுச் சொல்லாத, நாம் வாய்விட்டுச் சொல்லவேண்டிய ஒரு நியாயம் உண்டு. அதிகாரம் ஊருக்கு வந்தால் ஊரிலே பெரியவர் கைக்கல்லவா போகும்? சாதி பார்த்து, கட்சி பார்த்து, சமயம் பார்த்து வண்டி ஓடாதென்று யார் உறுதி சொல்வார்? சைவரும் முஸ்லிம்களும் கிறித்தவரும், பல தொழில் செய்வோரும் வாழும் தீவுகள் இவை. கிணற்றடியிலும் கோயில் வாயிலிலும் நாம் செய்த அநியாயத்தை வண்டி வாயிலிலும் செய்வோமானால், கொழும்பைக் குறைகூற நமக்கு நா எழலாமா? ஆகவே, அழைத்தவர் யாரென்று பாராது ஆபத்தின் கடுமையை மட்டும் பார்த்தே வண்டி புறப்படும் என்பது சட்டத்தில் எழுதப்பட வேண்டும். மீறியவர் தண்டிக்கப்பட வேண்டும். இதனை ஏற்காத உள்ளூராட்சியை நாம் கேட்கவில்லை.

பிட்ஸ்பேர்க் நகரத்துப் பாடம்

அமெரிக்காவிலே பிட்ஸ்பேர்க் நகரத்தில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஒரு பகுதி இருந்தது. நோயாளியை அங்கே பொலிஸ் வண்டியே ஏற்றிச் செல்லும். சிகிச்சையறிந்தவர் கூட வரமாட்டார். 1967 இல் அம்மக்களே ஃபிரீடம் ஹவுஸ் என்ற நோயாளர் காவுச் சேவையைத் தொடங்கினர். வேலையற்றிருந்த இளைஞருக்குப் பீட்டர் சாஃபர் என்ற மருத்துவர் உயர்ந்த பயிற்சியளித்தார். ஓடும் வண்டியிலேயே உயிர் மீட்கும் வித்தையில் அவர்கள் அந்நாட்டின் முன்னோடிகளாயினர். 1975 இல் நகர நிர்வாகம் தனது சொந்தச் சேவையைத் தொடங்கியது. ஃபிரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. கற்றுத் தேர்ந்த அவ்விளைஞருட் பலர் புதிய சேவையிலே நிலைக்க முடியாமற் போயினர். அவர்கள் கண்ட வித்தை நாட்டுக்கு ஆயிற்று. வித்தை கண்டவர் வெளியேறினர்.

வேலைவாய்ப்பும் மதிப்பும் ஊரறிவும் ஒரு சேவையோடு சேர்ந்தே வருகின்றன. சேவை கைமாறும்போது அவையும் போய்விடுகின்றன. நமது தீவக இளைஞர், கடலறிந்தவர், நீந்தத் தெரிந்தவர், இரவிலே காற்றின் திசையறிந்து வள்ளம் விடுபவர். உயிர் காக்கும் பயிற்சியை அவர்களுக்கு அளித்தாற் போதும். தீவகத்துக்குரிய சேவை தானாகவே உருவாகும்.

நாம் கேட்பது

நமது கோரிக்கை ஐந்து. முதலாவது: 1990 என்ற இலக்கமும், பயிற்சியின் தரமும், வண்டியின் தரமும் நாடு முழுவதற்கும் ஒன்றாகவே இருக்கட்டும். இரண்டாவது: வடக்கிலே எந்த வண்டி எங்கே நிற்பது, எப்போது புறப்படுவது என்ற ஆணையதிகாரம் மாகாணத்துக்கு உரியதாகட்டும், மாகாண சபை நியதிச்சட்டம் இயற்றி அதற்கொரு நிலையத்தை யாழ்ப்பாணத்திலே அமைக்கட்டும். மூன்றாவது: கடல் கடந்த நான்கு தீவுகளுக்கும் இரவு பகல் எந்நேரமும் ஆயத்தமாயுள்ள நோயாளர் காவுபடகும், பயிற்சிபெற்ற படகோட்டியும், இறங்குதுறையில் விளக்கும், ஒதுக்கிவைத்த எரிபொருளும் சட்டப்படி உறுதியாகட்டும். நான்காவது: நிதி ஆணைக்குழுவின் பரிந்துரையிலே இச்செலவு தனித்தலைப்பாக வரட்டும், எந்த அமைச்சரின் மனமாற்றமும் அதனை நிறுத்தக்கூடாது. ஐந்தாவது: அழைப்பு வந்த நேரம், புறப்பட்ட நேரம், நோயாளி வைத்தியசாலை சேர்ந்த நேரம் ஆகியன, நோயாளியின் பெயரின்றி, மாதந்தோறும் பிரதேச சபையின் அறிவித்தற் பலகையிலே வெளியாகட்டும்.

இவற்றைப் பெறுமட்டும் கைகட்டி இருப்போமா? 2025 மே மாதத் தேர்தலிலே நமது பிரதேச சபைகளுக்கு உறுப்பினரைத் தெரிந்தனுப்பியிருக்கிறோம். வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவுச் சபைகள் இக்கோரிக்கையை ஒரே வாசகத்திலே தீர்மானமாக நிறைவேற்றலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நமது கையிலே இருக்கிறது. தீவகத்திலிருந்து சென்ற அழைப்புகள் எத்தனை, வண்டி வர எடுத்த நேரம் எவ்வளவு, கடல் கடக்கக் காத்திருந்த நேரம் எவ்வளவு என்று இன்றே விண்ணப்பம் எழுதிக் கேட்கலாம். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்கச் சட்டத்தரணிகளாகிய நாம் கட்டணமின்றிக் காத்திருக்கிறோம். கடற்றொழிலாளர் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் தத்தம் ஊரிலே ஒரு குறிப்பேடு திறந்து, ஆபத்து நேர்ந்த ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறித்து வைக்கட்டும். ஓராண்டு முடிய அக்குறிப்பேடுகள் நமது சாட்சிப் பத்திரங்களாகும். கண்ணீரைத் தள்ளிவிடும் அரசாங்கமும் கணக்கைத் தள்ளிவிட அஞ்சும்.

பெருமக்களே! வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் கடற்பாதையை வாணர் தாம்போதி என்று அழைக்கிறோம். அதற்காக உழைத்த ஊரவரின் பெயர் அது. கடலுக்கு மேலே பாதை வேண்டுமென்று முதலிலே நினைத்தவர் கொழும்பிலே இருக்கவில்லை. அக்கடலை நாள்தோறும் கடந்து வருந்தியவரே நினைத்தார். நோயாளிக்கான பாதையும் அவ்வாறே. குறிப்பேடு நாளைக் காலையிலே திறக்கப்படட்டும். தகவல் விண்ணப்பம் இவ்வாரத்திலேயே அனுப்பப்படட்டும். அடுத்த சபைக் கூட்டத்திலே தீர்மானம் வரட்டும். எஞ்சிய வாதத்தை நீதிமன்றத்திலும் மக்கள் மன்றத்திலும் நாம் எடுத்துரைப்போம்.